தலைவர் முகத்தில் நாற்பது அடி

செவ்வாய் கிரகத்தில் அன்று காலை குளிர் மைனஸ் அறுபது. இதமான நாள் என்று எல்லோரும் கவச உடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள்.

பனிச்சுரங்கத்திலிருந்து குடிநீர் கொண்டுவரும் லாரி ஒரே இடத்தில் தினமும் மணலில் புதைந்தது. அந்த நாற்பதடிக்குத் தார் போட வேண்டும். பூமியிலிருந்து வந்தது ஒரே நடைத் தார். கெட்டால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வருஷம். தாரைப் பரப்பியதும் சூடு எண்பது டிகிரிக்கு இறங்குவதற்குள் அழுத்திவிட வேண்டும். ஆறிய பிறகு அழுத்தினால் இறுகாது, உதிரும். இருபது நிமிஷம் தாங்கும் என்று படித்தவர்கள் கணக்குப் போட்டார்கள். தலைவர் வருகிற நேரத்தை எவனும் கணக்கில் சேர்க்கவில்லை.

தலைவர் பூவரசன் பொத்தானை அழுத்தினால்தான் சாலை போடும் ரோபோ உருளையன் உருளும். திறப்பு விழா ஏற்பாடு அப்படி. பத்து மணிக்கு வருவார் என்றார்கள். உருளையன் பத்துக்கே தாரைப் பரப்பிவிட்டது. ரோபோதானே, நம்பிவிட்டது.

“நூற்றுப் பத்து. நூறு,” என்று சூட்டைச் சொல்லிக்கொண்டே வந்தது.

“எதையாவது போட்டு மூடுடா!” என்று கத்தினாள் பொறுப்பாளர் ரஞ்சிதம்.

பெரிய விரிப்பு ஒன்றுதான் இருந்தது: தலைவர் கைகூப்பிச் சிரிக்கும் வரவேற்பு பேனர். உருளையன் அதை அவிழ்த்துக் கவிழ்த்துப் போட்டது.

“அடப்பாவி, எதைடா போட்ட?”

“விரிப்பு. தொண்ணூற்று நாலு. இறங்கவில்லை.”

தலைவர் அரை மணி கழித்து வந்தார். பேனரை உரித்தார்கள். மை தாரில் ஒட்டி, அவர் முகம் தரையில் சிரித்தது. மச்சம் மட்டும் கன்னம் மாறியிருந்தது. வேலை போயிற்று என்று நினைத்தாள் ரஞ்சிதம்.

“யாரும்மா இந்த ஏற்பாடு?”

“உருளையன்தாங்கய்யா.”

“கெட்டிக்காரப் பய!” என்று பூரித்துப் பொத்தானை அழுத்தினார். உருளையனுக்கு ஓட்டும் இல்லை, பயமும் இல்லை. முகத்தின்மேல் நாலு தடவை ஏறி இறங்கியது. சாலை கல்லாக இறுகியது.

மறுநாள் லாரி டிரைவர் சவரிமுத்து பிரேக் போட்டான்.

“ஏறுய்யா, ஆறிடுச்சு,” என்றாள் ரஞ்சிதம்.

“எது மேல? தலைவர் மூக்கு மேலயா? அடுத்த வாரம் எனக்கு வீடு ஒதுக்குறாங்க, நீ வேற!”

லாரியை ஓரமாக இறக்கினான். புதைந்தது. ரஞ்சிதம் தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே தள்ளினாள்.

பத்து வருஷம் கழித்து உருளையன் பூமிக்கு அறிக்கை அனுப்பியது: “குழி இல்லை. விரிசல் இல்லை. தேய்மானம் துளியும் இல்லை. தலைவர் முகம் பதித்த சாலை கெடுவதில்லை. எல்லா ஊருக்கும் பரிந்துரைக்கிறேன்.”

பூமியில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. யார் முகத்தை முதலில் போடுவது என்பதில்தான் சண்டை.