வேர்முடிச்சு

அறுபத்திரண்டாம் வருஷம், பங்குனி மாதம். பயிருக்கு யோசனை சொல்லும் கிராம சேவக் இருதயராஜ் ஒலக்கூரிலிருந்து சைக்கிள் மிதித்து முருகையனின் கத்திரிக் கொல்லைக்கு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். முருகையனின் மனைவி வெள்ளையம்மாள் காலையில் ஆபீசுக்கே வந்து அழுதிருந்தாள். தண்ணீர் தவறாமல் பாய்ச்சியும் மதியமானால் செடியெல்லாம் துவண்டு விழுகிறதாம். வேறு எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிப் போனாள்.

கொல்லையில் ஒரு காக்கை கூட இல்லை. மண் ஈரமாகத்தான் இருந்தது. அந்த ஈரத்திலிருந்து அழுகின கிழங்கு வாடை மெல்ல எழும்பியது.

வரப்பில் காத்திருந்த வெள்ளையம்மாளுக்கு முன்னால் இருதயராஜ் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

“புழும்மா இது. கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள்ள பூந்து எச்சில் உடும். எச்சில் பட்ட செல்லு சாவாது. தன் வேலைய மறந்துடும். செல்லுக்குள்ள ஒரு கரு இருக்கற எடத்துல நூறு கரு ஆயி, உப்பிப் போயிடும். அப்புறம் அந்தப் புழுவுக்கு ஆக்கிப் போடறது ஒண்ணுதான் அதுக்கு வேலை. நீங்க பாய்ச்சற தண்ணி எலைக்குப் போய்ச் சேராது.”

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க ஊட்டுக்காரருக்கும் அதான் சார் வந்துகீது.”

நடுக் கொல்லையைக் காட்டினாள்.

செடிகளுக்கு நடுவே முருகையன் குந்தியிருந்தான். கணுக்கால் வரை மண்ணுக்குள் புதைந்திருந்தது.

“இருபது நாளா அங்கயே குந்திக்கினு கீறாரு. வேளைக்கு ஆறு உருண்டை கேப்பைக் களி துன்றாரு. ஒடம்புல ஒட்டலியே சார். எங்கதான் போவுது? தூக்க வந்த பங்காளிங்க பயந்துக்கினு ஓடிட்டாங்க.”

கிட்டே போய்ப் பார்த்தார். எலும்பும் தோலுமாக ஓர் உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் பருத்திருந்தது. யானைக்காலோ என்று குனிந்தார். இல்லை.

முடிச்சுகள்.

“முருகையன், எழுந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“நாங்க வரல.”

அது ஒரு குரலாக இல்லை. ஆணும் கிழவியும் பச்சைக் குழந்தையும் ஒரே வாயில் பேசினார்கள்.

இருதயராஜ் திரும்பி ஓடத்தான் நினைத்தார். வெள்ளையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு கை குடுங்க சார். இன்னிக்கு உட்டா இவரு எனக்கு இல்ல.”

ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்தார்கள். அவர் பூட்ஸ் போட்டிருந்தார். அவள் வெறுங்காலோடு மண்ணில் ஊன்றி நின்றாள்.

“கைய எடு,” என்றன குரல்கள். “கிழிச்சிடுவோம்.”

இழுத்தார்கள்.

பழஞ்செடியைப் பிடுங்கினாற்போல் ஒரு சத்தம். முருகையன் பெயர்ந்து வந்தான். அவன் பாதங்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல்கள் தொங்கின. அறுந்த பாதி மண்ணுக்குள் சரசரவென்று இறங்கியது.

முருகையன் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தான். அவளுக்குப் பழக்கமான பார்வை அது.

“வெள்ளச்சி,” என்றான், தன் சொந்தக் குரலில். “பசிக்கலடி.”

தலை அவள் தோளில் சாய்ந்தது. அவ்வளவுதான். வெள்ளையம்மாள் அழவில்லை. வெகுநேரம் அவன் நெற்றி மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் இருதயராஜ் முன்னால் நின்று கொல்லையைக் கொளுத்தினார். கடைசிச் செடி சாம்பலாகும் வரை அவர் நகரவில்லை. அவளை அவள் அண்ணன் சுப்பராயலு விழுப்புரத்துக்கு அழைத்துக்கொண்டு போனான்.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் இருதயராஜுக்குச் சுப்பராயலு எதிர்ப்பட்டான். தலையில் ஒரு மூட்டை கேப்பை.

“தங்கச்சி எப்படி இருக்கு? சாப்பிடுதா?”

“அதுக்கொண்ணும் கொறை இல்ல சார். ஊட்டுப் பின்னாடி மண்தரையில குந்தினவ, எந்திரிக்கத்தான் மாட்டேன்றா.” சுப்பராயலு மூட்டையை இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எவ்ளோ ஆக்கிப் போட்டாலும் ‘எங்களுக்குப் பத்தல’ன்றா. அங்க அவ ஒருத்திதானே சார் கீறா?”