விழுந்தவர் திரும்பும் உயரம்

இடுப்புக் கொக்கி கழன்றபோது ஜெசிந்தா தரைக்கு முப்பதாயிரம் கிலோமீட்டர் மேலே, கடலிலிருந்து விண்வெளிக்கு நீண்டு பூமியோடு சேர்ந்து சுழலும் விண்கயிற்றின் வெளிப்புறத்தில் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அந்த உயரத்தில் விழுவதுகூட நிதானமாகத்தான் நடக்கும். பூமியின் இழுப்பே அங்கே குறைவு. அதிலும் பாதிக்கு மேல் கயிற்றின் சுழற்சி சரிக்கட்டிவிடும். அவள் மெல்ல நழுவினாள். கயிற்றில் பொருத்திய பராமரிப்புத் தளத்தின் வாசலில் இருந்த கணவன் அமலதாஸ் கம்பை நீட்டினான். இரண்டு விரல் இடைவெளியில் தவறியது.

"எட்டலைங்க," என்றது அவள் குரல் அவன் காதில்.

அவன் குதிக்கத் தயாரானான். கீழே கயிறு ஊன்றியிருக்கும் கடல்தளத்திலிருந்து தலைமைப் பொறியாளர் அருமைநாயகம் தடுத்தார். "யாரும் குதிக்காதீங்க. ஜெசிந்தா, உடுப்புல இருக்க உந்துகுழாயைத் தொட்டுராதே, வேகம் மாறிரும்."

"மீட்புக் கலத்தை அனுப்புங்க அண்ணாச்சி," என்றான் அமலதாஸ்.

"அது மேல் நிலையத்துல நிக்கி. வர ரெண்டு நாளாகும். அவகிட்ட காத்து ஒன்றரை நாளுக்குத்தான் இருக்கு." அவர் கணக்குப் போடும் தட்டல் சத்தம் கேட்டது. மறுபடி வந்தபோது அவர் குரல் ஆளே மாறியதுபோல் துள்ளியது. "கலமே வேண்டாம். அவளே திரும்பி வந்துருவா."

கணக்கு இதுதான். இன்னும் நன்றாகக் கீழேயிருந்து விழுந்திருந்தால் காற்றில் உரசி எரிந்திருப்பாள். மிக உயரத்திலிருந்து என்றால் பூமியை விட்டே வீசியெறியப்பட்டிருப்பாள். இடையில் இந்த உயரத்தில் விழுபவரைக் கயிறு தந்த வேகமே தாங்கிக்கொள்ளும். பூமியைத் தொடாமல் நீள்வட்டத்தில் சுற்ற வைக்கும். ஒரு சுற்றுக்கு அரை நாள். அவள் இரண்டு சுற்று முடிக்கும்போது பூமி ஒரு சுற்று முடித்து, கயிறும் பழைய இடத்துக்கு வந்திருக்கும். அந்தக் கணத்தில் இரண்டுக்கும் ஒரே வேகம்.

"அப்ப நாளைக்கு இதே வாசலுக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கிழக்கு வாசல்ல போற. மேற்கு வாசல்ல வருவ."

முதலில் ஜெபமாலைதான் சொன்னாள். பூமி பெருத்துக்கொண்டே வந்தது. கண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடியில் ஓடின. இருட்டுப் பக்கத்தில் ஆப்பிரிக்கா முழுக்க மின்னல் பூத்தது. பயம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கண்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் காதொலியில் சொல்லிக்கொண்டே போனாள். அமலதாஸ் மேற்கு வாசலை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் அவள் கீழிருந்து எழும்பி வந்தாள். மேலே எறிந்த பந்து உச்சியில் தயங்குமே, அப்படி வாசலுக்கு நேராக வந்து நின்றாள். அவன் இடுப்புக் கயிற்றில் தொங்கி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விட்டுராதீங்க, இன்னொரு தடவை போயிருவேன்," என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்களும் ஒருதடவை போய்ப் பாக்கணுங்க."

காதொலியில் அவள் சொன்னதை அவன் ஒருவன் மட்டுமா கேட்டான்? உலகமே போகக் கிளம்பிவிட்டது. கயிற்றை நடத்திய நிறுவனம் அங்கே மீள்தளம் என்றொரு பெரிய தளம் கட்டி, அவளையே பொறுப்பில் வைத்தது. மாலை மாற்றிய கையோடு குதித்த ஜோடிகள் உண்டு. பிறந்தநாளுக்குக் குதித்தவர்கள் உண்டு. ஒரு கூட்டம் திரும்புமுன் அடுத்த கூட்டம் குதித்தது. வெளியே யாருமில்லாத நேரம் என்று ஒன்று இல்லாமல் போனது.

அமலதாஸுக்கு மட்டும் துணிவு வர மூன்று வருடம் ஆனது. அவன் குதித்த அன்று பிற்பகல் அருமைநாயகம் கூப்பிட்டார்.

"பழைய செயற்கைக்கோள் துண்டு ஒண்ணு வருது. கயிறை வளைச்சு விலக்கணும்."

இப்படி விலக்குவது வழக்கம்தான். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. "வளைச்சா மறுபடி நேராக எவ்வளவு நேரமாகும் அண்ணாச்சி?"

"ரெண்டு நாள்."

வெளியே இருநூறு பேர் இருந்தார்கள். திரும்பி வந்தால் அவர்களுக்கு வாசல் இருக்காது; கயிறு நேராகுமுன் காற்றும் தீர்ந்துவிடும். துண்டு மோதிக் கயிறு அறுந்தாலோ, அதில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தவர்கள் நாலாயிரம் பேர்.

"துண்டு கட்டாயம் மோதுமா?"

"சொல்ல முடியாது. பத்துல ஒரு வாய்ப்பு."

"அசைக்காதீங்க," என்றாள். கணவனும் வெளியே இருப்பதைச் சொல்லவில்லை. அவரும் கயிற்றை அசைக்கவில்லை.

மறுநாள் விடியலில் அந்தத் துண்டு கயிற்றுக்கு நாற்பது மீட்டர் தள்ளிக் கடந்து போனது. திரையில் ஒரு புள்ளி வந்தது, போனது. ஜெசிந்தா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். இனி ஒருவரையும் குதிக்க விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

மேற்கு வாசலில் அமலதாஸை அவளே பிடித்து உள்ளே இழுத்தாள். தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே அவன் பேசத் தொடங்கிவிட்டான். "ஜெசி, நீ சொன்னது பாதிகூட இல்ல. அந்த மின்னல்..."

அவனை விட்டுவிட்டுக் கிழக்கு வாசலுக்கு ஓடினாள். நிறுத்து மணியில் கை வைக்கும்போதே கதவு திறந்துவிட்டது. அன்றைய முதல் கூட்டம் கைகோத்து, சிரித்துக்கொண்டே, மெல்லக் கீழே நழுவிக்கொண்டிருந்தது.