எருக்குழி விளக்கு

பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய புருஷனைக் குந்தவைக்கே அடையாளம் தெரியவில்லை. ஈராக்கில், பஸ்ராவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணெய் ஆலையில் குணசேகரனுக்கு வேலை. அந்த வருஷம் சண்டை மூண்டு, விமானங்கள் ஆலையையும் ஊரையும் சேர்த்துக் கொளுத்திவிட்டன. இடது கால் சுண்டுவிரலை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பியிருந்தான். டேப்ரெக்கார்டர் இருக்கிறதா என்று அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்தார்கள் ஊரார். வெட்கங்கெட்டவர்கள்.

வந்தவன் ஒன்றுதான் கேட்டான். பொழுது சாய்ந்தால் வீட்டில் வெளிச்சம் கூடாது.

"வெளிச்சத்தப் பாத்துதான் போடுவான் குந்தவை. அன்னிக்கு எவனோ பீடி பத்த வெச்சான். நம்ம கூத்தாநல்லூர் வஹாப் அண்ணன் 'அணைடா, அணைடா'ன்னு ஓடினாரு. என் கண்ணு முன்னாடி எரிஞ்சு போனாரு."

பாவமாக இருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து, இருட்டில் தடவிச் சாப்பிட்டுப் பொறுத்துப் பார்த்தாள். கார்த்திகை தீபம் வந்ததும் பொறுமை போய்விட்டது. அன்றைக்கு விளக்கு வைக்காமல் கிடக்க, இது என்ன எழவு வீடா?

வேண்டுமென்றே அவனை உரம் வாங்க அனுப்பினாள். அந்திக் கருக்கலில் வாசலில், கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலில், கடைசியாக வயலோரத்து எருக்குழி மேலும் அகல் ஏற்றினாள். சம்பாப் பயிருக்கு நடுவே வீடு ஜெகஜோதியாக நின்றது. எத்தனை நாளுக்குப் பிறகு! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசல் விளக்கு அணைந்தது.

காற்றே இல்லை. தார் காய்ச்சுவது போல் கனத்த நாற்றம், அதற்குள் கருகிய மாமிசம். திரும்ப ஏற்றினாள். கிணற்றடி விளக்கு போனது. கொட்டிலில் மாடு அலறியது. அந்த விளக்கும் போனது.

காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

"அணைச்சிடு தங்கச்சி. மேல வர்றான்."

திரும்பினாள். முகத்தில் உதடு இல்லை, பல் மட்டும் இருந்தது. கையிலிருந்து தோல் உரிந்து தொங்க, எண்ணெய் சொட்டியது. அந்தக் கை வாசல் அகலின் திரியை நசுக்கிக்கொண்டிருந்தது.

அலறிக்கொண்டே விறகுக் கட்டையை எடுத்து அடித்தாள். கை முழங்கையோடு முறிந்து விழுந்தது.

விழுந்த கை எருக்குழியை நோக்கி ஊர்ந்தது.

அங்கேதான் ஒரே ஒரு விளக்கு மிச்சம். பேய் வெளிச்சத்துக்குப் பயப்படும் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்? அவளும் அப்படியே நினைத்தாள். ஓடிப்போய் அந்தச் சுடரைக் கைகளால் பொத்திக் காத்தாள்.

வானம் இரைந்தது.

"அணை! குந்தவை, அணை!"

உரமூட்டையைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடிவந்தான் குணசேகரன். அவளை வாய்க்காலுக்குள் தள்ளினான். மார்பால் விளக்கின் மேல் விழுந்தான்.

மேலிருந்து ஒரு விசில் சத்தம் இறங்கியது.

பூமி எழுந்து விழுந்தது. சேறும் ரத்தமும் அவள் முகத்தில் மழையாகக் கொட்டின. கரையேறியபோது எருக்குழி இருந்த இடத்தில் குளம் போல் பள்ளம். தண்ணீரில் கரிய எண்ணெய் மிதந்தது. பூமிக்குள் இருந்த கேஸ் வெடித்தது என்றார்கள். விமானம் எதையும் யாரும் பார்க்கவில்லையாம்.

மறுநாள் அந்தியில் ஆஸ்பத்திரியிலிருந்து அவனை ஒரு துணி மூட்டையாகக் கொடுத்தார்கள். கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள்.

அது அணைந்தது. ஏற்றினார்கள். மறுபடி அணைந்தது.

அந்த நாற்றம் குந்தவைக்குத் தெரியும். குனிந்து பார்த்தாள். தரையில் கரிய காலடிகள், இரண்டு பேருடையவை. ஒன்றின் இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள். பயத்தைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுச் சிங்காரவேலு, துக்கத்துக்கு வந்தவர்கள் இருட்டில் தடுமாறாமலிருக்க, ஒரு பெட்ரோமாக்ஸோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். பளீரென்று தெருவே வெளுத்தது.

"அணைங்கண்ணே! கால்ல விழறேன், அணைங்க!"

"பாவம், புருஷன் போன அதிர்ச்சி. புடிச்சுக்குங்கம்மா அத" என்று சொல்லிவிட்டு, அவர் இன்னும் பலமாகப் பம்ப் அடித்தார்.

கரிய காலடிகள் வாசலை நோக்கி ஓடின.

கூரைக்கு மேலே இரைச்சல் கேட்டது.