வரிசையில் மூன்றாவது ஆள்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் மனைவியின் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

ஆள் நகரவில்லை. இடுப்புக்கு மேலே எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. முழங்கைவரை சோப்பு நுரை, குழாய்த் தண்ணீரின் சளசளப்பு, கழுவிக் கவிழ்த்த டம்ளர்களின் வரிசை. இடுப்புக்குக் கீழே மட்டும் இடது, வலது, இடது, வலது என்று ரப்பர் செருப்பு தரையைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. அவன் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவன். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு டிக் டிக்கென்ற சோதனை ஒலிகளைக் கேட்டே பழகியவன். எந்தச் சத்தம் எத்தனை இடைவெளியில் வருகிறது என்பதை அவன் கேட்காமலேயே அவன் காது எண்ணி வைத்துவிடும். இது விநாடிக்கு இரண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கால் வலிக்குதா?" என்றான்.

"இல்லையே."

"பின்ன ஏன் நின்ன இடத்துலயே நடந்துட்டிருக்கே?"

அவள் குனிந்து பார்த்தாள். கால்கள் நின்றன. "பயிற்சி பண்ணச் சொன்னாங்கல்ல, அதான் போல," என்று சிரித்தாள். மருந்துக்கடையில் வேலை செய்யும்போது ஏணியிலிருந்து இறங்குகையில் கணுக்கால் பிசகி, ஆறு வாரமாக வீட்டில் இருக்கிறாள். பயிற்சி என்றால் பயிற்சிதான் என்று அவனும் விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவன் மனம் அவள் காலில் இல்லை, இன்னொருத்தன் மேல் இருந்தது.

அந்த இன்னொருத்தனை அவன் பார்த்ததே கிடையாது.

வீட்டின் சின்ன அறை அவனுடையது. சுவர் மூன்றிலும் தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி நிறைய ஜப்பானிலிருந்து தருவித்த பழைய வீடியோ கேம்கள். வீரன் ஒருவன் ஊர் ஊராகப் போய், துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு அரக்கனைக் கொல்லும் நீண்ட கதை ஆட்டங்கள். வெயில் பட்டால் அட்டைப்பெட்டியின் நிறம் போய்விடும் என்பதால் அந்த அறைத் திரைச்சீலையை அவன் நான்கு வருடமாகத் திறந்ததில்லை. உச்சி வெயிலிலும் அங்கே அந்தி நேரம்தான். பழைய பிளாஸ்டிக்கும் மக்கிய காகிதமும் கலந்த ஒரு வாசனை எந்நேரமும் நிற்கும். மாதத்துக்கு மாதம் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. விளையாடத்தான் நேரமில்லை. பாதிக்கு மேல் மேலுறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. "உங்க மியூசியம்" என்று அவள் கிண்டல் செய்வாள், ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. ஒரு நாள்கூட இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் வாய்தான் வலித்தது.

ஐந்து வாரத்துக்கு முன் பதினோரு கேம் கேசட்டுகள் ஒரே கட்டாக வந்தன. எல்லாம் ஒரே ஆள் வைத்திருந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் கறுப்பு மார்க்கரில் அதே நாலெழுத்துப் பெயர். முதல் கேசட்டில் கோணல்மாணலாக, குழந்தைக் கையெழுத்து. போகப்போக எழுத்து நிமிர்ந்து, கடைசிக் கேசட்டில் நன்றாக வளர்ந்த ஒரு மனிதனின் கையெழுத்து. சேகரிப்பவனுக்குப் பெட்டியில் கிறுக்கியிருந்தால் பிடிக்காது. ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்தபோதுதான், கட்டுப்போட்ட காலோடு அவள் வாசலில் வந்து நின்றாள். "பொழுதே போகலைங்க. ஏதாவது ஒண்ணு போட்டு விடுங்களேன்."

அவனுக்கு வாயெல்லாம் பல். பஞ்சைப் போட்டுவிட்டு அந்தக் கடைசிக் கேசட்டையே செருகினான்.

உள்ளே பழைய ஆளின் ஆட்டம் அப்படியே இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடிய ஆட்டம். வீரனுக்கு அந்த நாலெழுத்துப் பெயர். துணைக்கு இரண்டு பேரைச் சேர்க்க இடமிருந்தும் அவன் யாரையும் சேர்க்கவில்லை. ஒரு கிணற்றடியில் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தான். பழைய ஆட்டங்களில் பொம்மைகள் சும்மா நிற்காது. பொத்தானை அமுக்காவிட்டாலும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருக்கும்.

"இதை அழிச்சிட்டு உனக்குப் புதுசா ஆரம்பிச்சுத் தரேன்," என்றான்.

"ஐயோ வேண்டாம். பாவம், அவர் எவ்வளவு நாளா தனியா நிக்கிறாரோ."

அவர். அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது.

அதற்கப்புறம் அவள் அந்த அறையைவிட்டு வெளியே வந்தால்தானே. ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நோட்டில் வழி வரைந்து வைத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, தனியாகச் சிரித்துக்கொண்டு ஆடினாள். வீரனுக்குத் துணையாக, காயம் ஆற்றும் பெண் ஒருத்தியைச் சேர்த்து, அவளுக்குச் 'சிட்டு' என்று பெயர் வைத்தாள். அது வீட்டில் அவன் தன் மனைவியைக் கூப்பிடும் பெயர், வேறு யாருக்கும் தெரியாது. காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது பின்கழுத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டையின் லேபிள் துண்டை உள்ளே மடித்துவிடுவது அவள் வழக்கம். ஒன்பது வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. இப்போது தவறியது. வயிறு எரிந்தது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

மதிய இடைவேளையில் பெட்டிக்காரரிடம் போனில் புலம்பினான். அவரும் சேகரிப்பவர்தான், ஆட்டத்தைவிட அட்டைப்பெட்டிக்கே அலைவதால் அந்தப் பெயர்.

"ஏம்ப்பா, இருக்கானா செத்தானான்னே தெரியாத ஒருத்தன் மேல போய் பொறாமைப்படுறியா?" என்று அவர் சிரித்தார். "பொறுத்துக்கோ. அந்த கேசட்டுக்குள்ள காசு சைஸுல ஒரு பேட்டரி இருக்கும்ல. அதுதானே எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கு. இத்தனை வருஷம் தாங்குனதே பெருசு. அது தீர்ந்தா உன் ஆளும் தீர்ந்தான்."

அந்தப் பேச்சை அவன் மறக்கவில்லை.

ஒரு நாள் மழையில் நனைந்து வீடு வந்தான். அவள் ஹாலில் நின்றிருந்தாள். "வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க."

"பஸ் பாதி வழியில நின்னுடுச்சு, நடந்தே வந்தேன்."

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க."

அதே குரல். அதே ஏற்றம், அதே இறக்கம். கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "உங்க அக்கா போன் பண்ணாங்களா?" என்றான்.

"வந்துட்டீங்களா? கை கழுவிட்டு வாங்க."

ஒரே ஒலியை மூன்று தடவை ஓட்டிக் காட்டியது போல இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் அவள் சாதாரணமாகத் துணி மடித்துக்கொண்டு, ஏன் இப்படி நனைந்து வந்தீர்கள் என்று திட்டினாள். அவனும் தன் காதையே குறை சொல்லிக்கொண்டான்.

பிறகு வரிசையாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அறைக்குள் நுழையும் முன் அவள் வாசலில் ஒரு கணம் நிற்பாள், முன்னால் யாரோ போக வழிவிடுவது போல. ஹாலைக் குறுக்கே கடக்காமல் நேராகப் போய், சட்டென்று திரும்பி, மறுபடி நேராகப் போவாள். நடக்கையில் அவள் கண் தரையில் இல்லை, ஒரு ஆள் உயரத்தில், ஓரடி முன்னால் எதிலோ பதிந்திருக்கும். கேட்டால், "என்னங்க, இப்பல்லாம் என்னையே பார்த்துக்கிட்டிருக்கீங்க," என்று வெட்கப்படுவாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்தவன் சின்ன அறையை எட்டிப் பார்த்தான். திரைச்சீலையின் பழுப்பு இருட்டு, டிவியின் நீல வெளிச்சம். திரையில் வீரன் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தான். பின்னால் சிட்டு. அவன் திரும்பினால் அவளும் அதே இடத்தில் திரும்பினாள். கண்ட்ரோலர் தரையில் கிடந்தது. மனைவி நாற்காலியில், கைகள் மடியில். அவள் கால்கள் மட்டும் இடது, வலது, இடது, வலது. திரையில் இருந்த கால்களும் அதே தாளம். விநாடிக்கு இரண்டு.

"யாரு ஆடுறது?" என்று கேட்டான்.

"அவர்தான். வழியெல்லாம் அவருக்கே தெரியும்," என்றாள் அவள். பிறகு கண்ட்ரோலரை எடுத்து, ஆசையாக, ஆட்களின் பட்டியலைத் திறந்து காட்டினாள். "மூணாவது இடம் காலியா இருந்துச்சுல்ல. உங்க பேரை வெச்சிட்டேன். எழுத்து சரியான்னு பாருங்க."

சரியாகத்தான் இருந்தது. அவன் தன் பெயரை ஜப்பானிய எழுத்தில் மேசையில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து ஒரு எழுத்து பிசகாமல் பொறுக்கிச் சேர்த்திருந்தாள். முதலில் அந்த நாலெழுத்து. அடுத்து சிட்டு. அதற்குக் கீழே அவன்.

அவனுக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். நியாயமாகப் பயந்திருக்கவாவது வேண்டும். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் பொறாமை பிடித்த மனதுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது. மூன்றாவது. தன் வீட்டில், தன் மனைவிக்குப் பின்னால், எவனோ ஒருத்தனுக்கும் பின்னால் மூன்றாவது.

"நல்லா இருக்கு," என்றான்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு அவள் படுக்கையறையில் தூங்கினாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் சின்ன அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டைத் திருப்பிப் போட்டான், அந்தப் பெயர் கண்ணில் படாதபடி. அந்த வகைத் திருகுக்கென்றே வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர். இரண்டு திருகு. பிளாஸ்டிக் பிளந்தபோது ஒரு வாசனை வந்தது. தூசி வாசனை இல்லை, நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, ஆள் இருந்த வாசனை, அது. பொய்யை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்: பேட்டரி தானாகத் தீர்ந்துவிட்டது, சிட்டு, நான் என்ன செய்ய. சால்டரிங் அயர்ன் சூடேறியது. தினமும் இதைவிடச் சின்ன பேட்டரிகளைக் கழற்றுகிறவன்தான். இன்றைக்கு மட்டும் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஈயம் பளபளத்து உருகியது, மெல்லிய புகை எழுந்தது. பேட்டரி கழன்று மேசையில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது.

தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது. அயர்ன் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான்.

வேறு பேட்டரி வைத்து மூடி, செருகிப் பார்த்தான். ஆடிய ஆட்டத்தைச் சேமிக்கும் மூன்று கட்டங்களும் வெறுமையாக இருந்தன. பெயரில்லை, மணிக்கணக்கு இல்லை, கிணறு இல்லை. அப்பாடா என்றிருந்தது. நான்கு வருடத்தில் எந்தப் பெட்டியைப் பிரித்தபோதும் வராத சந்தோஷம் வந்தது. போய்த் தொலைந்தான். கேசட்டுக்குள் இருக்க அவனுக்கு இனி இடமே இல்லை.

டிவியை அணைத்தான்.

அப்போதுதான் கேட்டது.

ஹாலில் நடை. ரப்பர் செருப்பு. இடது, வலது. எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. பொய்யை மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தான். கதவில் கை வைத்தவன் அப்படியே நின்றான்.

செருப்புச் சத்தத்துக்கு முன்னால் இன்னொரு சத்தம். வெறுங்கால். ஈரமான வெறுங்கால். கனமான ஆள்.

காதின் கோளாறு என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. அவன் காது தப்பாகச் சொன்னதே கிடையாது.

கதவைத் திறந்தான்.

அவள் சன்னலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓரடி முன்னால் ஒரு முதுகு. கூன் விழுந்த தோள். கழுத்தில் ஒட்டிய முடி. வெளிறிய சட்டை. சட்டையின் பின்கழுத்தில் லேபிள் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சன்னலருகே அந்த முதுகு சட்டென்று திரும்பி நேராகப் போனது. அதே இடத்தில் அவளும் திரும்பினாள்.

முகம் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகு.

அவள் கையை நீட்டினாள். நடந்துகொண்டே, அந்தத் துண்டை மெல்ல உள்ளே மடித்துவிட்டாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள் அந்த முதுகிடம். "கை கழுவிட்டு வாங்க."

"சிட்டு."

அவள் திரும்பவில்லை.

பாய்ந்தான். தோளைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவளுக்கு ஓரடி பின்னால் வந்தான். கையை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் ஓரடி வைத்தான். அவளும் ஓரடி வைத்திருந்தாள். எட்டவில்லை.

சுவர் வந்தது. முதுகு திரும்பியது. அவள் திரும்பினாள்.

அவனும் திரும்பினான். திரும்ப அவன் நினைக்கவில்லை.

நின்றுவிடு என்று கால்களுக்குச் சொன்னான். கேட்கவில்லை. அவள் பின்னல் கண்ணுக்கு முன்னால். அதற்கு அப்பால் அந்தக் கழுத்து. வேறொன்றும் தெரியவில்லை. சோபா. சன்னல். சுவர். மறுபடி சோபா.

ஹாலின் நடுவில் முன்னால் போனவன் நின்றான். அவள் நின்றாள். அவன் நின்றான்.

மழை விட்டிருந்தது. வீட்டில் வேறு சத்தமே இல்லை. அவள் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும் என்று அவன் அந்தப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை முன்னால் இருந்தவனின் கழுத்தைவிட்டு அசையவில்லை. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், ஆறு கால்களும் நடந்துகொண்டே இருந்தன.

இடது. வலது. இடது. வலது.