சாரத்தில் தொங்கிய முகம்

கோபாலபுரத்தில் பெரியப்பாவின் வீட்டுக்கு நாங்கள் போனபோது மதியம் மூன்று மணி இருக்கும். மழைக்கு முந்திய புழுக்கம். தெருவில் ஒரு பள்ளி வேன் மட்டும் நின்றிருந்தது.

செபெட்டும் நானும் அடையாறில் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறோம். அவள் கென்யாக்காரி. ஆட்டோக்காரர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவள். மாதக் கடைசிக்குள் அவள் விடுதியைக் காலி செய்ய வேண்டும். மந்தைவெளி, மயிலாப்பூர், பெசன்ட் நகர் என்று அலைந்துவிட்டோம். எல்லா வீடுகளும் ஃபோனில் காலியாக இருந்தன. நேரில் போனதும் நிரம்பிவிட்டன.

பெரியப்பா கருணாகரனுக்கு தி. நகரில் துணிக்கடை. இந்தப் பழைய பங்களாவை வாங்கி மேலே ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். பூச்சு முடிந்ததும் பின்கட்டை வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார். "என்கூட வேலை செய்யற வெளிநாட்டுப் பொண்ணு" என்றதும் உடனே சம்மதித்திருந்தார்.

கேட்டைத் திறந்தோம். செபெட் நின்றுவிட்டாள்.

முன்பக்கச் சாரத்தில் திருஷ்டி பொம்மை தொங்கியது. கன்னங்கரேலென்ற முகம். துருத்திய சிவப்பு நாக்கு, உருட்டிய கண், முறுக்கு மீசை, தகரக் கொம்பு. இந்த ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் இப்படி ஒன்று தொங்கும். நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

"மச்சி, இது யாரு?"

"யாரும் இல்ல. வீட்டு மேல கண்ணு படக் கூடாதுன்னு மாட்டறது."

"கறுப்பா இருந்தா கண்ணு படாதா?"

நான் கேட்டைச் சாத்தினேன்.

பூச்சு வேலை பார்க்கும் அப்துல் சமத் பாய் பொம்மையிடமிருந்து தள்ளி, மதில் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அது கீழ நின்னு வேல செய்ய முடியலம்மா," என்றார் தணிந்த குரலில். "மூச்சு வுட்டுக்கினு கீது."

காற்றே இல்லை. ஆனாலும் ஏதோ கேட்டது. மெதுவாக இழுத்து, மெதுவாக விடும் சத்தம்.

பெரியப்பா வெளியே வந்தார். செபெட்டைப் பார்த்தார். பிறகு என்னை.

"வெளிநாடுன்னியே தாரணி. நான் வெள்ளைக்காரின்னு நெனச்சேன்."

"பெரியப்பா..."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அக்கம்பக்கத்துல கேப்பாங்க. யார் யாரோ வருவாங்க, போவாங்க..."

"எனக்குத் தமிழ் புரியும் சார்," என்றாள் செபெட்.

அவர் கூசவில்லை. சிரித்தார். "அட, நல்லா பேசுதே."

"இந்த மூஞ்சி எங்க கெடச்சுது?"

"பரண்ல. இந்த வீட்டைக் கட்டின துரை உங்க ஊர்ப் பக்கம்தான் ரயில் போட்டானாம். ரிட்டயர் ஆகி இங்க வந்து உக்காந்துட்டான். ஈட்டி, தோலு, மணிமாலைன்னு ஏகப்பட்ட சாமான். அதெல்லாம் பழைய சாமான் கடைக்காரன் அள்ளிட்டுப் போயிட்டான். இதை மட்டும் எவனும் கேக்கல. வெறும் மாவுல செஞ்சது, கை ஒடஞ்சா கட்டுப் போடுவாங்களே அந்த மாவு. நான்தான் பெயின்ட் அடிச்சு நாக்கு ஒட்டினேன். எப்படி இருக்கு?"

செபெட் சாரத்தில் ஏறினாள். யாரும் தடுப்பதற்குள் கயிற்றை அவிழ்த்து, முகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். பெயின்ட்டைக் கரைக்கத் தின்னர் கேட்டாள். சமத் பாய் டப்பாவையும் பழைய துணியையும் எடுத்து நீட்டினார்.

நாக்கு பெயர்ந்தது. கொம்பு பெயர்ந்தது. மீசை கரைந்தது. உருட்டிய கண்ணுக்கு அடியில் மூடிய இமைகள் இருந்தன.

இமையில் முடி இருந்தது.

நிஜ முடி. மாவில் சிக்கியது.

நான் குனிந்து பார்த்தேன். உயிரோடு இருப்பவரின் முகத்தில் அச்சு எடுத்தால் மூச்சுக்கு மூக்கில் குழாய் செருகுவார்கள் என்று படித்திருக்கிறேன். துளை அகன்று போகும். இந்த மூக்கு அப்படி இல்லை. தாடைக்குக் கீழே ஒரு தடம் பதிந்திருந்தது. முறுக்கிய கயிறு, இழை இழையாக.

"செத்ததுக்கு அப்புறம் எடுத்திருக்காங்க," என்றேன். "தூக்குல போட்டு."

"தெரியும்." செபெட் அந்தத் தடத்தை விரலால் தொட்டாள். "எங்க மலையில எங்களக் கேக்காம ரயில் போட்டாங்க. மாடு மேஞ்ச நிலமெல்லாம் வெள்ளக்காரனுக்குப் போச்சு. தண்டவாளத்தப் பேத்துப் போட்டவங்களத் தூக்குல போட்டாங்க. அத்தோட வுடல. தலைய அளந்தாங்க, மூஞ்சிய அச்செடுத்தாங்க. நாங்க மனுசங்களா கொரங்கான்னு பாக்க." அவள் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "வூடு வேணாம் சார். இவரக் குடு. இவருக்கு ஊர் கீது. நான் இட்டுனு போறேன்."

"குடுத்துடுங்க பெரியப்பா," என்றேன்.

"கட்டட வேலை நடக்கும்போது திருஷ்டி பொம்மையை எறக்கவே கூடாது. இவ ஏறி எறக்குவா, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" அவர் அதைப் பிடுங்கினார். "ஒரு மாவுக் கட்டிக்கு எவ்ளோ கதை."

பிறகு அவருக்கு விளையாட்டுத் தோன்றியது. முகத்தைத் திருப்பி, அதன் குழிந்த பின்புறத்தைத் தன் முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். கையை விரித்து, குதித்து, குரங்கு மாதிரி சத்தம் போட்டார். சித்தாள் ஒருவன் சிரித்தான்.

பெரியப்பாவின் சிரிப்பும் உள்ளேயிருந்து கேட்டது.

பிறகு நின்றது.

வாசனை வந்தது. மாவுக்கட்டுப் போடும்போது ஆஸ்பத்திரியில் வருமே, அந்த ஈர மாவு வாசனை. பெரியப்பா முகத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். வரவில்லை. மண்டியிட்டார். நானும் இழுத்தேன். விரல் சுட்டது. மாவு இறுகும்போதுதான் சூடாகும். இது நூறு வருடத்துக்கு முன்பே இறுகிய மாவு.

மாவு மூக்கு மூச்சு விட்டது.

பெரியப்பாவின் மார்பு அசையவில்லை.

செபெட் அவர் அருகில் உட்கார்ந்தாள். அந்த முகத்தின் காதோரம் குனிந்து தன் மொழியில் ஏதோ சொன்னாள். வெகுதூரம் நடந்து களைத்தவரிடம் பேசுவதுபோல. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

முகம் தானாக அவள் கைக்கு வந்தது.

பெரியப்பா இருமினார். அவர் முகத்தில் புருவம் இல்லை, இமை முடி இல்லை. கழுத்தைச் சுற்றி, இழை இழையாக, சிவந்த தடம்.

"எடுத்துட்டுப் போ," என்றார். "போ."

நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவரவில்லை. கொண்டுவர மனமில்லை.

செபெட் முகத்தைத் துப்பட்டாவில் சுற்றினாள். கேட்டை நெருங்கியபோது பின்கட்டிலிருந்து சமத் பாய் கூப்பிட்டார்.

"பாப்பா. இத்த வந்து பாரு."

துரை காலத்துச் சுவர்; அவர் போன வாரம்தான் மேலே புதிதாகப் பூசியிருந்தார். முழுக்கக் காய்ந்து வெளுத்திருந்தது. ஓர் ஆள் நின்றால் மூக்கு வரும் உயரத்தில் மட்டும், அருகருகே இரண்டு சின்ன ஈரப் புள்ளிகள்.

காய்ந்தன.

மறுபடி ஈரமாயின.

"இவரைத்தான் எடுத்துட்டோமே," என்றேன்.

செபெட் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். காதையும் ஒட்டிவைத்தாள்.

"இது அவர் இல்ல மச்சி. வேற ஆளு. அந்தத் துரை செவுத்துக்குள்ள வெச்சுப் பூசிக்கீறான்."

முகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சமத் பாயின் பையிலிருந்து உளியை எடுத்தாள்.

அடுத்த அறைச் சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.