குறைந்துகொண்டே போன சால்வை

"சாவிக்கொத்து உன்ற இடுப்புலதான தொங்குது? அப்பறம் செத்தவளா வந்து பிரிச்சா?"

"ஏனுங்க நங்கையா, போன வாரம் வரைக்கும் அவங்கதான் வந்து பிரிக்கறாங்கன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான். இப்ப நானா?"

காலை ஏழரை. கீழ் கோத்தகிரி எஸ்டேட் கிளார்க் குவார்ட்டர்ஸ். பனிமூட்டம் ஜன்னலை ஒட்டி நின்றது, பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். முதல் குரல் மரகதத்தம்மாள், கல்யாணப் பெண் ராஜப்ரியாவின் அத்தை. நாத்தனாரை 'நங்கையா' என்ற இரண்டாவது குரல் சித்தி ராஜகுமாரி, அப்பாவின் இரண்டாம் தாரம். இருவருக்கும் நடுவே கட்டிலில் ஒரு மெரூன் கம்பளிச் சால்வை. சால்வை என்பது மரியாதைக்கு. இப்போது மஃப்ளர் அளவுக்குத்தான் இருந்தது.

கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்த நாள் தொட்டு அந்த வீட்டில் ஒரு வழக்கம். கல்யாணச் சால்வையைப் பெற்றவள்தான் பின்ன வேண்டும். முகூர்த்த விடியலில் அதைப் போர்த்திக்கொண்டுதான் பெண் வாசல் தாண்டுவாள். ராஜப்ரியாவின் அம்மா சசிரேகா அதைப் பின்னி முடித்து, தகரப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். திருப்பூர் மாப்பிள்ளை நிச்சயமானதிலிருந்து, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சால்வை குட்டையாகி இருந்தது. இது நாலாவது தடவை. பெட்டிக்குள் ஊசி உரசும் சத்தம் கேட்டதாக எதிர் வீட்டில் சொன்னார்கள். அந்த வீட்டுக் காது எப்போதும் கொஞ்சம் நீளம்.

"இன்னிக்குத் தெரிஞ்சாகோணும்" என்றார் அப்பா பாலசுப்பிரமணியம். "சசிரேகாவுக்குச் சம்மதமில்லீன்னா கல்யாணம் வேண்டாம். இவ வேலைன்னா, இவ பொறந்த ஊட்டுக்குப் போகட்டும்."

ராஜகுமாரி இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள்.

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் அம்புரோஸ் அடுத்த வீடு. கூப்பிடுவார்கள் என்று ஷூ போட்டுக்கொண்டு காத்திருந்தவர் மாதிரி வந்தார். முற்றத்தில் சீரியல் பல்பு கட்டிக்கொண்டிருந்த லாரி டிரைவர் அலன் வணக்கம் வைத்தான். தலையில் மெரூன் குல்லா, மேடும் பள்ளமுமாக.

"குல்லா புதுசா, அலன்?"

"ஆமாங்க சார். குன்னூர்ல புதுக் கம்பளி வாங்கிப் பின்னுனது."

மெரூன் இந்த மலையில் பாதிப் பேர் போடுகிற நிறம். அம்புரோஸ் உள்ளே போனார்.

"அம்மா, உங்களுக்குப் பின்னத் தெரியுமா?"

"நான் மேட்டுப்பாளையத்துக்காரிங்க" என்றாள் ராஜகுமாரி. "எங்கூர்ல ஃபேன் துடைக்கத்தான் தெரியும்."

"குளிக்கப் போனா சாவிக்கொத்து?"

"அடுப்படி ஆணியிலங்க."

ஒவ்வொரு தடவையும் ராஜகுமாரி சால்வையை போனில் படம் பிடித்துத் தன் அக்காவுக்கு அனுப்பிப் புலம்பியிருந்தாள். அம்புரோஸ் படங்களைப் பார்த்தார். முதல் மூன்றிலும் பிரித்த இடத்தில் ஓரம் பதமாக மூடப்பட்டிருந்தது. பின்னத் தெரிந்த கை. ராஜகுமாரி இல்லை.

அவர் பார்வை மரகதத்தம்மாளிடம் போனது. தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்டுக் கிடைக்காதவள். ஆவிக்குச் சம்மதமில்லை என்றால் அதிகம் நஷ்டப்பட மாட்டாள்.

"என்னையப் பாக்காதீங்க. அந்த ஓரத்தப் பாருங்க. கடைசிக் கண்ணிய ரெட்டையா முறுக்கி முடிஞ்சிருக்கு. அது சசிரேகா கை. எத்தன கெஞ்சியும் எனக்குச் சொல்லித் தரல, மகராசி."

"உங்களுக்குச் சொல்லித் தரலை. யாருக்குச் சொல்லித் தந்தாங்க?"

அறையில் இருந்தவர்கள் மெதுவாகக் கதவோரம் நின்ற ராஜப்ரியாவின் பக்கம் திரும்பினார்கள்.

அம்புரோஸ் அலனை அழைத்து, குல்லாவைக் கழற்றச் சொல்லி, விளிம்பில் ஒரு இழையை உருவினார். இழை நூடுல்ஸ் மாதிரி சுருண்டு நின்றது. "புதுக் கம்பளி நேரா இருக்கும். ஒருதரம் பின்னிப் பிரிச்சா இப்படிச் சுருளும். அலசி, கனம் கட்டித் தொங்கவிட்டாத்தான் நிமிரும். இந்தப் பனியில எதும்மா காயும்? அவசரப்பட்டு ஈரம் படாமயே பின்னிட்டே. ஓரத்துலயும் அதே ரெட்டை முடிச்சு."

"அப்பா மூஞ்சியப் பாத்து இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க" என்றாள் ராஜப்ரியா. "அம்மா சொன்னா கேப்பாருன்னு நெனச்சேன். கம்பளியத் தூக்கிப்போட மனசு வரல."

"சித்தி மேல பழி விழுறதப் பாத்துட்டுமா?"

"அத்தை சித்தியச் சந்தேகப்பட ஆரம்பிச்சதுமே நிறுத்திட்டேன் சார். மூணு தடவைதான் பிரிச்சேன். நாலாவது நானில்ல."

அம்புரோஸ் கட்டிலைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். இந்தத் தடவை ஓரம் மூடப்படவில்லை. ஊசியில்லாத கண்ணிகள் வரிசையாக வாய் திறந்து நின்றன. தொட்டாலே கழன்று ஓட வேண்டியவை. பெட்டியிலிருந்து எடுத்து, இழுத்து, சண்டை போட்டு, கட்டிலில் வீசியும் ஒன்றுகூட நழுவவில்லை.

பாலசுப்பிரமணியம் ராஜகுமாரியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். பிறகு திருப்பூருக்கு போன் போட்டார்.

ராஜப்ரியா அலனைக் கட்டிக்கொண்டு நடுவட்டம் போய்விட்டாள். மரகதத்தம்மாளின் மகன் அந்தத் திருப்பூர் மாப்பிள்ளையின் தங்கையையே கட்டினான்; அங்கே சம்மதம் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் உயிரோடுதான் இருந்தார்களாம். பாலசுப்பிரமணியம் வேலையை விட்டுவிட்டு ராஜகுமாரியோடு பர்லியார் பக்கம் இறங்கிவிட்டார். அந்தச் சூட்டில் யாரும் சால்வை தேட மாட்டார்கள். பெட்டி மகளோடு லாரியில் போனது. அந்த ஓரத்தை மூட ராஜப்ரியா இதுவரை ஊசி எடுக்கவில்லை. மலைப்பாதை முழுக்கக் குலுங்கியும் ஒரு கண்ணி கழலவில்லையாம்.