திருப்பிப் படுக்க வைத்த கை

படி ஏற முடியாத என் மனுஷருக்காகத்தான் அந்தக் கீழ்த்தளத்து வீட்டுக்குப் போனோம். சாமான்களை இறக்கி, கட்டிலைப் பின்னறையில் சுவரோரம் போட்டோம். அந்த அறையில் மட்டும் காயாத ஈரத்துணி வாடை.

"பூட்டிக் கிடந்த வீடும்மா. ஆள் புழங்கினா சரியாயிடும்," என்றாள் மகள்.

சரியாகவில்லை.

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பிறகு நடுக்குவாதம் வந்தது. கை ஆடும், குரல் உள்ளேயே அமுங்கிப்போனது, படுத்தால் தானாகப் புரள வராது. ராத்திரியில் நான்தான் எழுந்து, தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்துத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பேன். தூங்கிவிட்டால் கை நடுக்கம் நின்றுவிடும். அதைப் பார்த்த பிறகே நானும் கண்ணை மூடுவேன்.

அந்த வீட்டில்தான் தூக்கத்தில் சண்டை ஆரம்பித்தது. பகலில் டம்ளரைத் தூக்கத் திணறுகிறவர், இருட்டில் குத்துவார், உதைப்பார். பழைய குரல் கணீரென்று வரும்.

"எறங்கு! எறங்குடா கீழ!"

"ரிட்டயர் ஆகியும் பஸ்ஸை விடமாட்டேங்கறாரே," என்று முதலில் சிரித்தேன். ஒருநாள் அவர் முழங்கை பட்டு என் கண் வீங்கியதும் மகள் குதிகுதியென்று குதித்தாள். இந்த நோய்க்காரர்கள் சிலர் கனவில் செய்வதைக் கையாலும் காலாலும் செய்துவிடுவார்கள், ஒரு மாத்திரையில் அடங்கிவிடும் என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி மாத்திரையை நீட்டினால் அவர் வாயைத் திறக்கவே இல்லை. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வேணாம்டி. நான் தடுக்கலேன்னா அது உன் பக்கம் வந்து படுத்துக்கும்."

"எதுங்க?"

கட்டிலில் நான் படுக்கும் இடத்தையே பார்த்தார்.

"கண்டதையும் நினைச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க," என்று கெஞ்சிக் கொடுத்துவிட்டேன். எனக்கும் ஒரு ராத்திரி தூக்கம் வேண்டியிருந்தது.

தூங்கினேன். ஐயோ, எப்படித் தூங்கினேன்! கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, நான் வைப்பது போலவே. என்னை எழுப்ப மனசில்லாமல் மகள் வந்து திருப்பியிருக்கிறாள், தங்கமான பொண்ணு என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ ஏண்டி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எழுந்து வந்தே?"

"நானா? நான் படுத்த இடத்தை விட்டு அசையலயேம்மா."

வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அன்று மாத்திரை கொடுக்கவில்லை. "திட்டுங்க, உதைங்க, என் மேல பட்டாலும் பரவாயில்ல," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அந்த ராத்திரி அவரிடமிருந்து சத்தமே இல்லை. விழித்தே இருக்கப் பார்த்தேன். கண் சொக்கிவிட்டது.

காலையில் குப்புறக் கிடந்தார். முகம் தலையணையில் புதைந்திருந்தது.

தானாகப் புரள வராத மனுஷர்.

"தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்துவச்ச மனுஷன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அந்த வீட்டைக் காலி செய்தோம். வேறு தெரு, வேறு அறை, புதுக் கட்டில். படுத்த முதல் நாளே மூக்கில் ஈரத்துணி வாடை ஏறியது. அவரைத் தீர்த்துவிட்டு அது என் பக்கம் வந்துவிட்டது என்று புரிந்தது. கொஞ்ச காலத்தில் என் வலது கை ஆடத் தொடங்கியது. அதே டாக்டர், அதே நோய். எனக்கும் புரள வராமல் போனதும், திருப்பிவிட மகள் என் பக்கத்திலேயே படுத்தாள்.

அப்போதுதான் கனவில் அதைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. கட்டிலில் ஏறி, என்னைத் தாண்டி மகள் பக்கம் போகப் பார்த்தது. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி உதைத்தேன்.

விழித்தால் மகளின் உதடு கிழிந்திருந்தது.

மறுநாள் மாத்திரையோடு வந்தாள்.

"வேணாம்டி. உங்கப்பாவுக்கு என்னாச்சுன்னு..."

"திரும்ப ஆரம்பிக்காதம்மா! நான் வேலைக்குப் போக வேணாமா? ஒழுங்கா தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?" என்று அழுதுவிட்டாள். ஆனாலும் மாத்திரைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் வற்புறுத்தாமல் போய், பால் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

குடித்து முடித்த பிறகுதான் நாக்கின் அடியில் கசந்தது.

"என்னடி கலந்தே?"

"ஒண்ணுமில்லம்மா. தூங்கு," என்று தலையைக் கோதிவிட்டு விளக்கை அணைத்தாள்.

என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு கட்டையாகிக்கொண்டு வந்தது.

என் கை நடுக்கம் நின்றது.

ஈரத்துணி வாடை.

என் தோளுக்கடியில் ஒரு கை நுழைந்தது. இடுப்புக்கடியில் இன்னொன்று.

மகளின் இரண்டு கைகளும் கன்னத்துக்கடியிலேயே இருந்தன.

வலிக்காமல், பக்குவமாக, அது என்னைச் சுவர் பக்கம் திருப்பியது. முழங்கால்களுக்கு நடுவே தலையணையைச் செருகியது.

'எறங்கு' என்று கத்தப் பார்த்தேன். உதடுகூடப் பிரியவில்லை.

எனக்கும் மகளுக்கும் நடுவில் மெத்தை மெல்ல அமுங்கியது.

"தள்ளிப் படும்மா," என்றாள் மகள் தூக்கக் கலக்கத்தில். "ஏன் இப்படி மேல வந்து சாயறே?"